எக்ஸ்ரேயில் தெரியாத பாதி: இடுப்புக்கிண்ணம் உடையும்போது கூடவே சிதையும் தோல், நரம்பு, சதை

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அத்தானுக்கு வயது 36. தக்கலை தாண்டி அழகியமண்டபம் போகிற வழியில் பைக்கும் காரும் நேருக்கு நேர் மோதிவிட்டன. வலது இடுப்பில் சாக்கெட், அதாவது இடுப்புக்கிண்ணம், உடைந்து, மூட்டு பின்பக்கமாக விலகியிருந்தது. விலகியதை அன்று இரவே மயக்கம் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். ஆனால் பிளேட் வைக்கிற ஆபரேஷன் ஆறு நாளாகத் தள்ளிப்போகிறது. கேட்டால், "எலும்பு காத்திருக்கும், தோலும் சதையும்தான் இப்போதைக்குப் பிரச்சினை" என்கிறார்களாம். தொடையின் வெளிப்பக்கம் தண்ணீர்ப் பை மாதிரி ஒரு வீக்கம். பாதத்தை மேலே தூக்க வரவில்லை. வீட்டுப் பெரியவர்கள், நாட்டு வைத்தியம் செய்கிற ஆசானைக் கூட்டி வந்து முறிவெண்ணெய் போட்டுத் தடவினால் எல்லாம் வற்றிவிடும் என்கிறார்கள். "ஒடஞ்ச எலும்பப் பாக்காம எதுக்கு இந்த இழுத்தடிப்பு? தடவலாமா, வேண்டாமா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, நான் டாக்டர் இல்லை. 22 வருடமாக நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எலும்பு முறிவு நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்கிறவன். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம், ஆறு மாதம், மூன்று வருடம் கழித்தெல்லாம் இவர்களைப் பார்க்கிற ஆள் நான்தான் என்பதால் ஒன்று உறுதியாகச் சொல்ல முடியும். பிளேட் அழகாக உட்கார்ந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறவர்கள் நிறைய. அவர்களை நொண்ட வைப்பது பெரும்பாலும் அந்தப் படத்தில் விழாத பொருள்கள்: நரம்பு, குருத்தெலும்பு, சதை, ரத்தக்குழாய். உங்கள் டாக்டர் அதைத்தான் பார்க்கிறார். ஆகவே முதல் பதில்: தடவ வேண்டாம். இரண்டாவது பதில்: நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் ஆறு நாள் காத்திருப்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. மூன்றாவதாக, அந்தத் தூக்க வராத பாதத்துக்கு இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

இனி காரணங்களுக்கு வருகிறேன்.

இந்தச் சாக்கெட்டுக்கு மருத்துவப் பெயர் அசிட்டாபுலம். காடி, அதாவது வினிகர், ஊற்றி வைக்கும் சின்னக் கிண்ணம் என்று லத்தீனில் பொருள். பெயர் வைக்கிற வேலை நம் ஊர்க்காரனிடம் வந்திருந்தால் சிரட்டை என்று வைத்திருப்பான், அவ்வளவு பொருத்தம். பக்கவாட்டில் கவிழ்த்து வைத்த ஒரு சிரட்டை. அதற்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை. சிறு வயதில் இந்தச் சிரட்டை மூன்று எலும்புகளாக இருந்து, 14, 16 வயதுவாக்கில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சிரட்டையின் விளிம்பில் ரப்பர் வாஷர் போல ஒரு வளையம் ஓடும். அதன் பெயர் லேப்ரம். சிரட்டையையும் உருண்டையையும் சேர்த்து மூடுகிற தடித்த உறை கேப்சூல். உள்ளே வழுவழுவென்று குருத்தெலும்பு. வெளியே பின்பக்கம் சின்னச் சின்னத் தசைகள், அவற்றை ஒட்டிக் கட்டைவிரல் பருமனில் சயாட்டிக் நரம்பு. உடம்பிலேயே பெரிய நரம்பு அதுதான். அது கிண்ணத்தின் பின்சுவரை ஏறக்குறைய உரசிக்கொண்டே இறங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பும் முழங்காலும் மடங்கியிருக்கும். எதிரே வரும் வண்டி முதலில் முட்டுவது முழங்காலில். அந்த அடி தொடை எலும்பு வழியே நேராகப் பின்னால் ஓடி, உருண்டைத் தலையைச் சிரட்டையின் பின்சுவரில் போய் இடிக்கிறது. சுவர் உடைகிறது, தலை வெளியே பாய்கிறது. காரில் முன்சீட்டில் இருப்பவருக்கு டேஷ்போர்டில் முட்டி நடப்பதும் இதேதான். பாரிஸைச் சேர்ந்த ஜூடே, லெட்டூர்னெல் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் 1964இல் இந்த உடைவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள். இன்றைக்கும் உங்கள் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவது அந்தக் கணக்குத்தான். அத்தானுக்கு இருப்பது பின்சுவர் உடைவு, அவற்றில் அதிகம் பார்க்கப்படுவது.

இப்போது அந்தத் தலை வெளியே பாய்ந்த வழியை நினைத்துப் பாருங்கள். விளிம்பு வளையம் கிழிந்திருக்கும். கேப்சூல் கிழிந்திருக்கும். உருண்டையையும் கிண்ணத்தின் அடியையும் இணைக்கிற உள் நாண் அறுந்திருக்கும். பின்தசைகள் நசுங்கியிருக்கும். நரம்பு இழுபட்டிருக்கும், அல்லது உடைந்த சுவரின் கூர்மையான துண்டு அதில் குத்தியிருக்கும். எக்ஸ்ரேயில் இது எதுவுமே நேரடியாகத் தெரியாது. சி.டி. ஸ்கேனில் எலும்புத் துண்டுகள் அருமையாகத் தெரியும், சதை ஓரளவுக்குத்தான்.

சரி, அந்தத் தண்ணீர்ப் பை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகமாகத் தவறாகக் கையாளப்படுவது இதுதான்.

மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, எப்படி உரிக்கிறோம்? கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, பெருவிரலைத் தோலுக்கு அடியில் கொடுத்துத் தள்ளினால், தோல் முழுசாகக் கிழங்கை விட்டுச் சுருண்டு வரும். தோலுக்கும் கிழங்குக்கும் நடுவே ஒரு வழுக்கும் தளம் இருக்கிறது, பிடிப்பு அங்கேதான் விடும். நம் உடம்பிலும் அப்படி ஒரு தளம் உண்டு. தோலும் அதன் அடிக்கொழுப்பும் ஒரு பக்கம், தசையை மூடிய வெள்ளை உறை இன்னொரு பக்கம். ரோட்டில் விழுந்து சறுக்கும்போது தோல் தாரில் ஒட்டி நிற்கிறது, உள்ளே எலும்பும் தசையும் முன்னால் ஓடுகின்றன. அந்த நடுத்தளம் கிழிந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் ஒரு சிராய்ப்பு, கொஞ்சம் நீலம். உள்ளே மரச்சீனித் தோல் உரிந்தது போல ஒரு பை. அந்தப் பைக்குள் ரத்தமும் நிணநீரும் செத்த கொழுப்பும் ஊறித் தேங்குகின்றன.

இதற்கு மோரெல்-லவாலே காயம் என்று பெயர். 1800களின் நடுப்பகுதியில் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. வழக்கமான இடம், தொடையின் வெளிப்பக்கம் கை வைத்தால் முட்டுகிற எலும்பு மேடு. பிட்டத்திலும் இடுப்பின் பின்பக்கமும்கூட வரும். அடிபட்ட அன்றே தெரிய வேண்டும் என்பதில்லை. நாலு நாள், ஒரு வாரம் கழித்துக்கூட மெல்லப் பொங்கி வரும். ஒரு பக்கம் தட்டினால் மறுபக்கம் அலை அடிக்கும். அந்த இடத்துத் தோலை நகர்த்தினால் அடியோடு நகரும். முக்கியமாக, அங்கே பெரும்பாலும் உணர்ச்சி இருக்காது. தசையிலிருந்து தோலுக்கு ஏறி வரும் மெல்லிய நரம்புகளும் ரத்தக்குழாய்களும் அந்தக் கிழிசலிலேயே அறுந்து போயிருக்கும்.

இது ஏன் ஆபரேஷனைத் தள்ளிப்போட வைக்கிறது? பின்சுவரைச் சரி செய்ய டாக்டர்கள் கத்தி வைக்கும் பாதை, கோக்கர்-லாங்கன்பெக் பாதை என்பார்கள், அந்த எலும்பு மேட்டின் மேலேயே ஓடி, பிட்டம் பக்கம் வளைகிறது. அதாவது அந்தப் பைக்கு நடுவே. தேங்கிய ரத்தமும் செத்த கொழுப்பும் கிருமிக்குப் பாயசம் மாதிரி. தோல் கிழியாமல் மூடியே இருந்தாலும் உள்ளே கிருமி இருப்பது உண்டு. அதன் வழியே போய் எலும்பில் ஸ்டீல் பிளேட்டை வைத்தால் கிருமிக்குத் திண்ணை கட்டிக் கொடுத்த மாதிரி. பிளேட்டில் தொற்று ஏறினால் பல நேரம் அதைக் கழற்றும் வரை விடாது, இடுப்பு மூட்டே போய்விடவும் கூடும். அதனால்தான் சிலருக்கு முதலில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே கழுவி, டியூப் வைத்து வடியவிட்டு, அழுத்திக் கட்டி, தோல் உயிரோடு இருக்கிறது என்று உறுதியான பிறகு எலும்புக்குப் போகிறார்கள். சிலருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதும் உண்டு. பையின் அளவு, தோலின் நிலை, டாக்டரின் அனுபவம், மூன்றையும் பொறுத்தது.

குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். விடியற்காலை மூன்றரை மணிக்கு, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகும்போது வண்டி சறுக்கியிருக்கிறது. கிண்ணத்தில் விலகாத சின்ன விரிசல், ஆபரேஷன் வேண்டாம், படுத்திரு என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாளில் தொடைப் பக்கம் வீங்கியது. வீட்டில் செங்கலைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குச் சூடே தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் வை" என்று சொன்னாராம். நான் பார்க்கும்போது உள்ளங்கை அளவுக்குத் தோல் வெந்து கொப்புளமாகி, நடுவில் கறுத்திருந்தது. அடியிலிருந்து ரத்தம் கிடைக்காத தோல், மேலே சூடு, எப்படிப் பிழைக்கும்? இரண்டு தடவை கழுவி, கடைசியில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். எலும்பு விரிசல் தானாகக் கூடிவிட்டது, அதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை.

அத்தானின் வீக்கத்தின் மேல் உங்கள் விரலால் மெதுவாக வருடிப் பாருங்கள். தெரிகிறதா என்று கேளுங்கள். மரத்துப் போயிருக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அல்ட்ராசவுண்டிலேயே பையைப் பார்த்துவிடலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவு.

அடுத்தது பாதம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

சயாட்டிக் நரம்பு பெயரளவில் ஒன்று, உள்ளே இரண்டு. ஒரு பாதி, பாதத்தைக் கீழே அழுத்துகிற தசைகளுக்குப் போகும். மறுபாதி, பெரோனியல் என்பது, பாதத்தையும் விரல்களையும் மேலே தூக்குகிற தசைகளுக்குப் போகும். இந்த மறுபாதிக்கு விதி கொஞ்சம் மோசம். அது கிண்ணத்துப் பின்சுவரை நோக்கிய பக்கம் இருக்கிறது. மேலே இடுப்பு எலும்பின் பள்ளத்திலும் கீழே முழங்காலுக்கு வெளிப்புறமும் இறுகக் கட்டுப்பட்டிருப்பதால், இழுபடும்போது நெகிழ இடமில்லை. அதனால் மூட்டு பின்னால் விலகிய கேஸ்களில் பாதம் தொங்கிப் போவதைப் பார்க்கிறோம். புட் டிராப் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள்.

இதில் குடும்பம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "விழுந்த அன்றே பாதம் தூக்க வரவில்லையா, ஏற்றின பிறகா?" கேஸ் ஷீட்டில் அது தேதியோடு எழுதியிருக்க வேண்டும். நல்ல டாக்டர்கள் மூட்டை ஏற்றும் முன், ஏற்றிய பின், ஆபரேஷனுக்கு முன், பின் என்று நாலு தடவையும் "பெருவிரலை மேலே தூக்கு" என்று சொல்லிப் பார்த்து எழுதுவார்கள். முதலில் வேலை செய்து, மூட்டை ஏற்றியபின் நின்றுபோனால் நரம்பு எங்காவது சிக்கியிருக்கலாம், அது அவசரம். ஆரம்பத்திலிருந்தே இல்லையென்றால் பெரும்பாலும் இழுபட்ட காயம், காத்திருக்கலாம்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? நரம்பு வெறுமனே அதிர்ந்து போயிருந்தால் சில வாரத்தில், மூன்று மாதத்துக்குள் திரும்பும். உள்ளே இழைகள் அறுந்திருந்தால் புது இழை முளைத்து வர வேண்டும், அது ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே இருக்கும் தசை வரை அரை மீட்டர் என்று வைத்தால் 500 நாள். மூணு மாதத்தில் நம்பிக்கை இழந்து "இனி வராது" என்று உட்காருகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். முழுசாகத் திரும்பாதவர்களும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நரம்பு எந்த அளவு போயிருக்கிறது என்று பார்க்கும் ஈ.எம்.ஜி., நரம்புக் கடத்தல் பரிசோதனைகளை முதல் வாரமே எடுப்பதில் பயனில்லை. மூன்று நாலு வாரம் கழித்து எடுத்தால்தான் சரியாகச் சொல்லும்.

அதுவரை பாதம் தொங்கியே கிடந்தால் பின்னங்கால் நாண் சுருங்கிவிடும். நரம்பு ஒருநாள் திரும்பி வந்தாலும் பாதம் மடங்காது. இதைத் தடுக்க, பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கிற ஸ்பிளின்ட் வேண்டும், எந்த எலும்பு ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடையிலும் கிடைக்கும். போட்டதும் குதிங்காலில் அழுத்தம் படுகிறதா என்று காலையும் மாலையும் கழற்றிப் பாருங்கள், மரத்த காலில் புண் வந்தால் அவர் சொல்ல மாட்டார்.

நரம்பைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். ரத்தக்குழாயைச் சுருக்கமாக. தொடை எலும்புத் தலைக்கு ரத்தம் தருகிற முக்கியக் குழாய், அந்தத் தலைக்குக் கீழே இருக்கும் எலும்புக் கழுத்தின் பின்பக்கமாக ஏறுகிறது. தலை வெளியே கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது முறுக்கப்பட்டோ நசுங்கியோ கிடக்கிறது. அதனால்தான் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை ஏற்றினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஏற்றுவது நல்லது என்பது பொதுவான கணக்கு. அதாவது எது அவசரமோ அதை அன்றே செய்துவிட்டார்கள். மிச்சம் இருக்கும் பிளேட் வேலைக்குச் சாதாரணமாக இரண்டு வாரம் வரை நேரம் உண்டு. மூன்று வாரம் தாண்டினால்தான் துண்டுகள் தப்பான இடத்தில் ஒட்ட ஆரம்பித்து வேலை கடினமாகும். ஆறு நாளுக்காக ஆஸ்பத்திரி மாற்றி களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏற்ற வேண்டிய அவசரம் எனக்குத் தெரியவில்லை. ரத்த ஓட்டம் போய்த் தலை செத்துப்போவது உடனே தெரியாது. மாதங்கள் கழித்து, இரண்டு வருடம் வரைக்கும்கூட, இடுப்புக் கவட்டில் வலியாக வரும். அதனால் ஆபரேஷன் முடிந்தாலும் செக்கப்பை விடக் கூடாது.

கேப்சூல் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடித்தது. உடைந்த பின்சுவர்த் துண்டு தனியாகக் கிடப்பது போல ஸ்கேனில் தெரியும். ஆனால் அது கேப்சூலில் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தக் கேப்சூல் வழியாகத்தான் அதற்கு ரத்தம். கைதேர்ந்த சர்ஜன் அந்தத் துண்டைக் கேப்சூலிலிருந்து பிரிக்கவே மாட்டார். கொடியில் தொங்கும் காயைப் போல அப்படியே திருப்பி வைத்து ஸ்க்ரூ போடுவார். சதை எலும்பைத் தாங்குகிறது என்பது இங்கே உவமையாக இல்லாமல் நேரடியாகவே உண்மை.

இப்போது தடவல்.

இந்த மாவட்டத்தில் பிறந்தவனுக்கு ஆசான் என்றால் மரியாதை தானாக வரும். பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இறங்கின என் தோளை ஏற்றியது ஆசான்தான், ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. களரியில் விழுந்தவன், பனை ஏறிச் சறுக்கினவன், வள்ளத்தில் கயிறு அடித்தவன் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் காரும் பைக்கும் மோதும் அடி வேறு சாதி. எனக்குத் தெரிந்த விவரமான ஆசான்மாரே இன்றைக்கு முதலில் கேட்பது "படம் எடுத்தாச்சா மக்கா?" என்றுதான். படத்தைப் பார்த்துவிட்டு "இது என் கைக்கு உள்ளது இல்லை" என்று திருப்பி அனுப்பியதையும் பார்த்திருக்கிறேன்.

தடவினால் என்ன ஆகும்? உரிந்து நிற்கும் தோலின் பை இன்னும் அகலும், மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்ச ரத்தக்குழாயும் அறும். அது ஒன்று. இரண்டாவது, ஒரு வாரமாக அசையாமல் கிடக்கும் காலின் ஆழத்து ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். பின்னங்காலைப் பிடித்து உருவினால் அந்தக் கட்டி பிய்ந்து நேராக நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடும், ஆளே போய்விடலாம். தினமும் தொப்புள் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி போடுகிறார்களே, அது இதற்குத்தான். "காலில் அடி, வயிற்றில் எதுக்கு ஊசி?" என்று வார்டில் கேட்காத குடும்பம் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கத் தோலுக்கு அடியில் போடும் ஹெப்பாரின் வகை மருந்து அது. வயிற்றுக் கொழுப்பில் போடுவது வசதி, அவ்வளவுதான். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மூன்றாவது காரணம் பலருக்குப் புதிதாக இருக்கும். நசுங்கின தசைக்குள் எலும்பு முளைக்கும். ஆமாம், எலும்புதான். பிட்டத்தின் உள்தசைகள், முக்கியமாக மூட்டை ஒட்டி இருக்கும் சின்னத் தசை, அடியிலும் ஆபரேஷனிலும் நசுங்கும்போது, ஆறுகிற வழியில் தப்பி எலும்பாக மாறிவிடும். மூன்று முதல் ஆறு வாரத்தில் எக்ஸ்ரேயில் பஞ்சு மாதிரி நிழல் தெரியும், அப்புறம் அது கெட்டியாகி மூட்டையே பூட்டிவிடும். சிலருக்கு இடுப்பு மடங்கவே மடங்காது. அடிபட்ட தசையைப் பிசைந்து தேய்ப்பதும், வலிக்க வலிக்க மடக்குவதும் இதைத் தூண்டிவிடும் என்றுதான் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள், நானும் அப்படித்தான் நடந்துகொள்கிறேன். இதைத் தடுக்கச் சிலருக்கு இண்டோமெதசின் மாத்திரை தருகிறார்கள், சிலருக்கு ஒரே ஒரு தடவை குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. கதிர்வீச்சு என்றதும் புற்றுநோய் என்று நினைத்து அழுத ஒரு அம்மாவை நான் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் "ஆசான் வேண்டாம்" என்று சொன்னால் சண்டை வரும். "தையல் பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தழும்புக்கு எண்ணெய் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

இன்னொன்று, முழங்கால். அடி முதலில் பட்டது அங்கேதான் என்று சொன்னேன் அல்லவா? இடுப்பு உடைந்த பரபரப்பில் முழங்காலை யாரும் பார்ப்பதில்லை. முன்னால் பட்ட அடி கீழ்க்கால் எலும்பைப் பின்னுக்குத் தள்ளும்போது முழங்காலுக்குள் இருக்கும் பின் குறுக்கு நாண் அறுந்துபோகும். சில வருடம் முன்பு ஒரு மருத்துவமனையில் இடுப்புக்கு அருமையாக ஆபரேஷன் செய்து அனுப்பிய பையனை மூன்றாவது மாதம் நான் நிற்க வைத்தபோது, முழங்கால் பின்னால் நழுவியது. யாரும் பார்க்கவில்லை. நானும் முதல் இரண்டு வாரம் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தானுக்கு இப்போது காலில் கம்பி போட்டு எடை கட்டியிருந்தால், கம்பி முழங்காலுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள். கீழே போட்டு இழுக்கும்போது அந்த இழுப்பு முழங்கால் வழியாகத்தான் போகிறது; நாண் அறுந்திருந்தால் மேலே போடுவதுதான் நல்லது. முழங்கால் முன்பக்கம் சிராய்ப்போ நீலமோ இருந்தால் "முழங்காலையும் பார்த்துட்டீங்களா சார்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பனையிலிருந்தோ தெங்கிலிருந்தோ விழுகிறவர்களுக்கும், முற்றத்தில் வழுக்கி விழும் வயதானவர்களுக்கும் கிண்ணம் உடையும் விதம் வேறு. மூத்தவர்களுக்கு முன்பக்கமும் உள்சுவரும் உடைந்து தலை வயிற்றுப் பக்கம் அமுங்கும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உள்ளே ரத்தக்கசிவுதான் முதல் பயம். இடுப்பெலும்பு வளையமும் சேர்ந்து உடைந்திருந்தால் மூத்திரப் பையையும் பார்ப்பார்கள். அத்தானுக்கு மூத்திரம் சிவப்பாகப் போகவில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கும் "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். முதல் இரண்டு நாள் பில்லைத் தனியாகப் பிரித்துக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு மாற்றுவதாக இருந்தால் மூட்டை ஏற்றிய நேரம், பாதம் பற்றிய குறிப்பு, சி.டி. ஸ்கேன் படம் பதிந்த கம்ப்யூட்டர் தகடு, மூன்றும் கையில் இருக்கட்டும். பேப்பரில் அச்சடித்த படம் போதாது, சர்ஜனுக்குத் தகடுதான் வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் அந்தக் காலில் முழுப் பாரம் போட முடியாது. பெருவிரல் தரையைத் தொடலாம், அவ்வளவுதான். இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, அதனால் சம்மணம் கிடையாது, குத்தவைக்கிற கக்கூஸ் கிடையாது. வீட்டில் கமோடு இல்லை என்றால் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி இப்போதே ஒன்று வாங்கி வையுங்கள். ஆள் டிஸ்சார்ஜ் ஆகி வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும்போது அதைத் தேடித் திங்கள்சந்தைக்கு ஓடுகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பிட்டத்துத் தசை பலவீனமாக இருந்தால் நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாயும். பயிற்சியில் பெரும்பாலும் தேறும், ஆறு மாதமாவது பிடிக்கும்.

ஸ்பிளின்ட் வாங்குவதற்குள் இன்று இரவுக்கு ஒரு வழி. கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்துங்கள். அதன் மேல் தலையணை உறையைச் சுற்றி, பாதம் நிமிர்ந்து அதில் சாய்ந்திருக்கும்படி வையுங்கள். குதிங்கால் மெத்தையில் அழுந்தாமல் கணுக்காலுக்குக் கீழே மடித்த துண்டு. எடை தொங்கும் கயிறு பெட்டியில் உரசக் கூடாது. நர்ஸைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உங்கள் கையால் பாதத்தை மெதுவாக மேலே தள்ளிப் பத்து எண்ணி விடுங்கள், இடுப்பு அசையாமல். ஒவ்வொரு தடவையும் அவரையும் தூக்கச் சொல்லுங்கள். தூக்க வராது, பரவாயில்லை, முயற்சி செய்யட்டும். என்றைக்காவது பெருவிரல் ஒரு நூல் அசைந்தால் தேதியைக் கேஸ் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.